நாய் உண்டு

தண்ணியக்கா முதல் நாளிலேயே எந்த வீட்டிலும் எதையும் விற்றதில்லை. விற்கக் கூடாது என்பது அவள் சட்டம். முதல் நாள் போவது வாசலைப் பார்க்க. செருப்பு எத்தனை ஜோடி, அதில் குழந்தைச் செருப்பு உண்டா, கொடியில் காய்வது யாருடைய துணி, கதவைத் திறக்கிறவள் முழுதாகத் திறக்கிறாளா, முகம் தெரிகிற அளவுக்கு மட்டும் திறக்கிறாளா, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள். "ஒரு டம்ளர் தண்ணி குடும்மா, வெயில் தாங்கல" என்று வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுவாள். தண்ணீரைச் சுத்தம் செய்கிற மிஷினை விற்கிறவள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாளே என்று கம்பெனியில் கேலி பண்ணுவார்கள். பண்ணிவிட்டுப் போகட்டும். தண்ணீர் கொடுக்கிற விதத்திலேயே பாதி வீடு தெரிந்துவிடும் என்பாள் அவள்.

பதினைந்து வருஷமாக அந்த ஏழெட்டுத் தெருக்களில் அவளுக்குத் தண்ணியக்கா என்றுதான் பெயர். "அக்கா தண்ணியோட வந்தாச்சு, இனிமே தெருவே தள்ளாடும்" என்று முக்குக் கடைக்காரர் வாரம் தவறாமல் சொல்வார். அவளும் வாரம் தவறாமல் சிரித்து வைப்பாள்.

இரண்டாவது தடவை போகும்போதுதான் பையைத் திறப்பாள். அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் பிடித்து, ஒன்றை மிஷினில் விட்டு எடுத்து, இரண்டிலும் சொட்டு மருந்து விடுவாள். ஒன்று அப்படியே இருக்கும். மற்றது மஞ்சளாகும். "அய்யய்யோ, இதையா இத்தனை நாள் குடிச்சோம்" என்று வீட்டுக்காரி வாயைப் பொத்துவாள். மற்ற ஆட்கள் அந்த இடத்தில்தான் பேனாவை எடுத்து நீட்டுவார்கள். தண்ணியக்கா நீட்டமாட்டாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லும்மா" என்று எழுந்துவிடுவாள். மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ அவர்களே கேட்பார்கள். கேட்டு வாங்கினால்தான் மிஷின் மூலையில் கிடக்காது.

இதற்கெல்லாம் அடித்தளம் அவள் நோட்டு. நீளமான, கெட்டி அட்டை போட்ட நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். 'மூத்த மகளைப் பற்றிக் கேட்கக் கூடாது.' 'மாமியாருக்குக் காது கேட்காது, கேட்பதாக நடிப்பாள், மெதுவாகப் பேசு, சந்தோஷப்படுவாள்.' 'கடைசிப் பையன் கணக்கில் கெட்டி, பாராட்டு.' ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்து, அடுத்த சந்து முனையில் நின்று, மறப்பதற்குள் எழுதிவிடுவாள்.

குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிக்கிற ஆட்கள் உள்ள வீடுகளுக்கு என்ன எழுதுவது என்பதில்தான் ஆரம்பத்தில் சிக்கல் வந்தது. 'தண்ணி' என்று எழுதினால் மிஷின் கணக்கோடு குழம்பியது. அப்படியே விவரமாக எழுத அவளுக்குக் கை வரவில்லை. ஒருநாள் ஒரு வீட்டில் புருஷன்காரன் உள்ளே வந்த வேகத்தில் அவள் டம்ளரைத் தட்டிவிட்டு, "வெளிய போ" என்று கத்தினான். சந்து முனைக்கு வந்து, 'நாய்' என்று எழுதினாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சில பக்கங்களில் 'நாய்', அவசரத்தில் சில பக்கங்களில் 'நா.' அந்த வார்த்தை அவளுக்கு மட்டும் தெரிந்த வார்த்தை.

அவள் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. வீடுகளில் கேட்டதை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று ஒரு வைராக்கியம். செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு வருவாள்.

வீட்டுக்காரர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். அச்சகம் மூடி நான்கு வருஷமாகிறது. அதற்குப்பிறகு மருந்துச் சீட்டு, சோப்பு உறை, பஸ் டிக்கெட் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தால் சொல்ல ஆள் இல்லை. பெண்டாட்டி முழங்கால் வலியோடு வந்து உட்காரும்போது வெந்நீர் ஒத்தடத்துக்குத் தண்ணீர் காய்ச்சி வைப்பதுதான் அவருக்கு அன்றாடம் இருந்த ஒரே பொறுப்பு.

அந்த முழங்கால்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். மாடிப்படி ஏற முடியாமல் அது மக்கர் பண்ண, மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டு, "பாதித் தெருவைப் புது ஆளுக்கு விட்டுடுங்கக்கா. உங்க நோட்டுல இருக்கறதை எல்லாம் கம்பெனி ஆப்ல ஏத்திடணும். மாசக் கடைசிக்குள்ள. ஏத்தாதவங்களுக்கு அடுத்த மாசம் ஏரியா கிடையாது" என்றார். ஏரியா இல்லாவிட்டால் வேலை இல்லை. அவளுக்குப் போனில் நம்பரைத் தேடவே கண்ணாடியும் பத்து நிமிஷமும் வேண்டும்.

"குடு இங்க. எதுக்கு இருக்கேன் நான்?" என்றார் வீட்டுக்காரர்.

பதினோரு நாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஏற்றினார். காலையில் குளித்து, சட்டைப் பையில் சிவப்புப் பேனா செருகிக்கொண்டு, அச்சகத்துக்குப் போகிற மாதிரியே வந்து உட்காருவார். எதிரே அவள் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு காய் நறுக்குவாள். அவர் முகத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொள்வாள்.

"இத்தனை வருஷம் இத்தனை வீட்டைப் பாத்திருக்க. ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீ."

"சொன்னா நீங்க திருத்துவீங்க."

"திருத்தத்தான் செய்யணும். ஒரு பக்கத்துல குழாய்க்கு 'ழா' போட்டிருக்க, அடுத்த பக்கத்துல 'ளா' போட்டிருக்க. படிக்கிறவன் என்ன நினைப்பான்?" பக்கத்தைத் திருப்பினார். "அது சரி, பதினாலு வீட்ல நாய் போட்டிருக்கியே. நான் எண்ணிட்டேன். ஒரு தடவையாவது கடி வாங்கியிருக்கியா?"

கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு அவள் சிரித்தாள்.

"என்னை எதுக்குக் கடிக்கப் போகுது? அது வீட்டு ஆளைத்தான் கடிக்கும்."

"வெறி நாயா இருக்கும்" என்றார் அவர், எழுதிக்கொண்டே.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். சொன்னால், இந்த மாதிரி வீடுகளுக்கா போய்வந்துகொண்டிருக்கிறாய் என்று அவர் பதறுவார், நாளையிலிருந்து போகவிடமாட்டார் என்று நினைத்தாள். அதைவிட, அவர் அத்தனை சந்தோஷமாக இருந்தார். அந்த மேஜையில் அந்த மாதிரி மனிதர்களைக் கொண்டுவந்து உட்காரவைக்க அவளுக்கு மனசில்லை. கத்தரிக்காயை நறுக்கி முடித்தாள்.

புது ஆள் வேலைக்கு வந்த முதல் வாரமே அவள் தெருக்களில் நான்கு மிஷின் விற்றான். நல்லவன், சுறுசுறுப்பு, கழுத்து டையைத் தவிர அவனிடம் உறுத்துகிற விஷயம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை மத்தியானக் கூட்டத்தில் எழுந்து, "அக்காவோட டேட்டா தங்கம் சார்" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். "ஒரே ஒரு வீடுதான் தப்பு. பச்சைக் கேட் வீடு. அதுல நாயே இல்லக்கா."

தண்ணியக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க எதுக்கு அந்த வீட்டுக்குப் போனீங்க?"

"கட்டாயம் வாங்குவாங்கன்னு போட்டிருந்துச்சே. ஆம்பளை இருக்கற நேரமாப் போனா உடனே முடிவு கிடைக்கும்னு சனிக்கிழமை மத்தியானம் போனேன். கேட் கிட்ட நின்னு, 'சார், நாயைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க'ன்னேன். 'எங்க வீட்ல ஏது நாய், யாரு சொன்னா'ன்னாரு. 'எங்க லிஸ்ட்ல இருக்கே சார்'னு போனைக் காட்டினேன்." அவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். "நின்னு நிதானமா வாசிச்சாரு. வாசிச்சுட்டுப் போனைக் கையில குடுத்துட்டு, ஒண்ணும் பேசாம உள்ள போயிக் கதவைச் சாத்திட்டாரு."

"அவ வெளிய வந்தாளா?"

"யாருக்கா?"

தண்ணியக்கா எழுந்துவிட்டாள். கூட்டம் முடிவதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பச்சைக் கேட் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். கால் வீட்டுக்கு வந்தது.

"அந்தப் பச்சைக் கேட் வீட்டுக்கு என்ன போட்டீங்க? வாசிங்க."

குரலைக் கேட்டு வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "'இடது கைப் பழக்கம் உள்ளவர். பேசுவதில் விருப்பம் உண்டு. நாய் உண்டு. சனிக்கிழமை மதியம் முதலும், மற்ற நாட்களில் மாலை ஆறு மணி முதலும் வீட்டில் இருக்கும். வீட்டுக்காரியையே கடித்த அடையாளம் கையில் உள்ளது, எச்சரிக்கை. ஐந்தே முக்காலுக்குள் வெளியே வந்துவிடவும். வாங்குவாள். மாதம் இரு முறை செல்லவும்.'"

"வாங்குவாளா? நான் அப்படியா எழுதியிருந்தேன்?"

"'வாங்க மாட்டாள்'னுதான் இருந்துச்சு." அவர் குரல் லேசாகத் தடுமாறியது. "வாங்க மாட்டாள்னு எழுதிட்டு, கீழயே மாசம் ரெண்டு தடவை போகவும்னு எழுதியிருந்த. ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கே. வாங்காதவ வீட்டுக்கு யாராவது ரெண்டு வருஷமாப் போவாங்களா? கை தவறி எழுதிட்டேன்னு நினைச்சு... திருத்திட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். நாய் என்றால் என்ன என்று சொன்னாள். பதினாலு வீட்டையும் சொன்னாள். ஒரு வாக்கியத்தில் அன்றைக்கு முடிந்திருக்க வேண்டியதைச் சொல்லி முடிக்க அரை மணி ஆயிற்று.

வீட்டுக்காரர் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்தார். கடவுச்சொல் இன்னும் வேலை செய்தது. "பதினாலுக்கும் என்ன போடட்டும்?"

"வீடு பூட்டியிருந்துச்சுன்னு போடுங்க."

"அது பொய்யாச்சே."

"புது ஆள் போகாம இருந்தாப் போதும்."

பதினாலையும் மாற்றினார். ஆறாவது வீட்டில் இருக்கும்போதே மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "என்னக்கா, எல்லாத்தையும் மாத்திட்டிருக்கீங்க? அது கம்பெனி டேட்டா." நாளைக்கு வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷத்தில் உண்மையாகவே தோன்றியது.

அவள் செருப்பை மாட்டும்போது, அவரும் மாட்டினார்.

"நீங்க எதுக்கு?"

"கல்யாணப் பத்திரிகையில தேதி தப்பாப் போச்சுன்னா நான் வீடு வீடாப் போயி என் கையால திருத்திட்டு வருவேன். முப்பத்திரண்டு வருஷத்துல மூணு தடவை போயிருக்கேன். பிழை என்னுது. நட."

பச்சைக் கேட் பூட்டியிருக்கவில்லை. அந்தப் பெண் கதவை முகத்தளவுக்குத் திறந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. இடது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. தண்ணியக்காவைப் பார்த்து, பின்னால் நின்றவரைப் பார்த்து, கதவை முழுதாகத் திறந்தாள்.

"மிஷின் கொண்டு வரலயாக்கா?"

"இல்லம்மா."

முன் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், சுவரில் கடிகாரம். அலமாரிக் கண்ணாடியில் ஒரு மூலை உடைந்து, அட்டை வைத்து ஒட்டியிருந்தது. அந்தப் பெண் வழக்கம்போலத் தண்ணீர் கொண்டுவந்தாள். வலது கைக்குப் பழக்கமில்லாததால் பாதி தரையில் சிந்தியது.

வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காராமல் நின்றார். "நான் இவ வீட்டுக்காரன்மா. இவ எழுதினதைப் பாத்து ஏத்தினது நான். புரியாத இடத்துல இவளைக் கேட்டிருக்கணும். கேக்காமத் திருத்திட்டேன். அந்த ஆள் உன் வீட்டைத் தேடி வந்தது என்னாலதான்."

"உக்காருங்க" என்றாள் அவள். அவர்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணியக்காவைப் பார்த்தாள். "அவர் வாசிச்சதைத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருந்தாரு. எனக்குப் பாதிதான் வெளங்குச்சு. என்னைப் பத்தி என்னதான் எழுதி வச்சிருக்கீங்கன்னு நீங்களே வாசிங்கக்கா."

"வேண்டாம்மா."

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதா?"

தண்ணியக்கா நோட்டை எடுத்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு வாசித்தாள்.

"'பச்சைக் கேட். இடது கை. பேச ஆள் வேண்டும். சிரித்தால் வாயை மூடிக்கொள்வாள். ஊரைப் பற்றிக் கேட்கலாம், அம்மாவைப் பற்றி வேண்டாம். நாய். கையில் அடையாளம் பார்த்தேன்.'"

"அது எப்ப எழுதினது?"

"ரெண்டாவது தடவை வந்தப்போ."

"ரெண்டாவது தடவையேவா?" அந்தப் பெண் கட்டுக்கு மேல் சுருட்டிவிட்டிருந்த தன் முழுக்கைச் சட்டையைப் பார்த்துக்கொண்டாள். "இந்த வெயில்ல முழுக்கை போட்டுக்கிட்டு, உங்க முன்னாடி கையை நீட்டாம, டம்ளரைக்கூடக் கீழ வச்சுட்டு நகந்துக்குவேன். தெரியவே தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்தேன். எங்கம்மாகிட்டச் சொன்னா அனுசரிச்சுப் போன்னாங்க. சொல்லாமயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ரெண்டு வருஷமா வந்து, தண்ணி மஞ்சளாகுதா பாருன்னு காட்டிட்டுப் போயிருக்கீங்க."

தண்ணியக்காவின் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"அப்புறம்?"

"'சனி மதியம் முதல் இருக்கும். மற்ற நாள் ஆறு மணி. ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிட வேண்டும்.'"

"ஓ" என்றாள் அந்தப் பெண். "பேசிட்டே இருப்பீங்க, திடீர்னு எந்திரிச்சுடுவீங்க. பஸ்ஸுக்குப் போறீங்கன்னு நினைப்பேன். பாவம், முழங்காலை வச்சுக்கிட்டு ஓடறாங்களேன்னு நினைப்பேன்" என்றாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் அதையும் இரக்கத்தோடுதான் சொன்னாள். பதினாலு வீட்டுப் பக்கங்களிலும் அப்படி ஒரு நேரம் குறித்து வைத்திருப்பது தண்ணியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனையும் அவள் தப்பித்துப் போவதற்கு எழுதியவை. அந்தப் பெண்களுக்காக ஒரு வரிகூட இல்லை.

"இன்னும் இருக்கா?"

"'வாங்க மாட்டாள். மாதம் இரண்டு தடவை போகவும்.'"

"வாங்க மாட்டேன்னு தெரிஞ்சா எதுக்கு வந்தீங்க?"

"தெரியலம்மா. வாங்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு நான் போன வீடு வேற இல்ல." அவள் நோட்டை மூடப் போனாள், மூடவில்லை. "உன்னைப் பாக்காமப் போனா அன்னைக்கு என்னமோ மாதிரி இருக்கும். வந்து பாத்தா, இருக்கேன்னு தெரியும். அவ்வளவுதான் செய்யத் தெரிஞ்சுது எனக்கு. அது போதாதுன்னு இப்பத் தெரியுது."

வெளியே எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது. கடிகாரம் ஐந்தே முக்காலைக் காட்டியது. தண்ணியக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு வருஷப் பழக்கம், கை தானாக நாற்காலிப் பிடியில் ஊன்றி, முழங்கால் எழுந்துகொள்ளத் தயாராயிற்று. அந்தப் பெண் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சுல்லக்கா?"

தண்ணியக்காவுக்கு முகம் எரிந்தது. கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் நோட்டை வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். "கேக்காமத் திருத்த மாட்டேன் இனிமே. இந்த ஐந்தே முக்கால் வரியை என்ன பண்ணட்டும், நீயே சொல்லும்மா."

அந்தப் பெண் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். தண்ணியக்காவின் கோணல் மாணலான எழுத்து. சில இடத்தில் மழையில் நனைந்து மை பரவியிருந்தது. சந்து முனையில் நின்றுகொண்டே எழுதியது என்று பார்த்தாலே தெரியும்.

"அடிச்சிடுங்க" என்றாள்.

அவர் அந்த வரியின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தார். நீக்கு என்பதற்கு அச்சகத்தில் போடுகிற சுழியை ஓரத்தில் போட்டார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு எதுவோ கீழே விழுகிற சத்தம். தண்ணியக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். ஒற்றைக் கையால் அந்தப் பெண் ஒரு துணிப்பையில் சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். பை வாய் மூடி மூடிக்கொண்டது. தண்ணியக்கா ஒன்றும் கேட்காமல் பை வாயைப் பிரித்துப் பிடித்தாள்.

"இப்பவே கிளம்பிடலாம்மா. எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. அவர் வர்றதுக்குள்ள..."

"இல்லக்கா. வர்றதுக்குள்ள ஓடறது வேண்டாம். எத்தனை நாள் அப்படிப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஓடியிருக்கேன்." அவள் ஒரு சட்டையை மடிக்க முயன்று, முடியாமல், அப்படியே சுருட்டி வைத்தாள். "அவர் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுத்தான் போவேன். தனியாச் சொல்லப் பயமா இருக்கு. ஆறு மணிக்கு இந்த வீட்ல என்னைத் தவிர வேற ஆளு இருந்ததே இல்ல." நிமிர்ந்து பார்த்தாள். "இருப்பீங்களா?"

தண்ணியக்காவுக்குப் பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது, அந்த ஆளை நினைத்து நிஜமாகவே பயமாக இருந்தது.

"இருக்கேம்மா."

பையைக் கொண்டுவந்து நடு அறையில் வைத்தார்கள். அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் ஒரு நாற்காலியில் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்ணியக்கா தன் நாற்காலியை இழுத்து, கட்டிலை ஒட்டி, கதவைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

ஆறு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் திரும்பி, கிட்டே வந்து, வாசலில் நின்றது. கேட் கிறீச்சிட்டது. அந்தப் பெண்ணின் வலது கை தண்ணியக்காவின் கையைத் தேடி வந்தது. தண்ணியக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.